கறள் தின்ற கெபின்: பழைய பிக்கப்பின் தகர வேலையைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கால்மிதியைத் தூக்கினேன். கீழே கிரவல் தெரிந்தது. கிளச் மிதிக்கும் காலுக்கு நேர் கீழே சிரட்டை அளவில் ஓர் ஓட்டை. சுற்றியிருந்த தகரம் கை வைத்த இடமெல்லாம் அப்பளம்போல நொறுங்கியது. இரண்டு மாரிக்கு முன்னர்தான் அதே இடத்தில் நானே ஒரு தகடு வெட்டி ஒட்டியிருந்தேன். என் ஒட்டு அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த தகரம்தான் போய்விட்டது.

பரந்தன் பக்கம், வண்டித் தகர வேலை செய்யும் ஒரு வயதான டிங்கர் பாஸிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஓட்டையைப் பார்க்கவே இல்லை. நேரே முன் கண்ணாடிக்குப் போனார். கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பரின் கீழ் மூலையைப் பெருவிரலால் அழுத்தினார். றப்பருக்குள்ளிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிந்தது.

“தம்பி, ஓட்டை கீழ இருக்கு. வருத்தம் மேல இருக்கு” என்றார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தின் விரிவுதான். தகடு வெட்டவும் ஒட்டவும் யாரும் பழகிவிடலாம். தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்று தெரியாமல் ஒட்டினால் இரண்டு வருடத்தில் திரும்பவும் அதே இடத்தில் குந்த வேண்டிவரும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய பிக்கப்புகளுக்கு வந்த மதிப்பு உங்களுக்குத் தெரியும். 2025இல் தடை விலகியும் புதிய வண்டியின் விலை எங்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கவில்லை. எனவே 80களின், 90களின் ஹைலக்ஸும் இசுசுவும் இன்னும் வன்னியில் நெல் ஏற்றுகின்றன, மீன் ஏற்றுகின்றன, கலியாண வீட்டுக்குக் கதிரையும் ஏற்றுகின்றன. அந்த டீசல் என்ஜின்கள் லேசில் சாவதில்லை. முதலில் சாவது கெபின்தான்.

வன்னியில் ஏன் இவ்வளவு கறள்?

வறண்ட வலயம்தானே, வெயில் காய்ச்சுகிற ஊரில் கறள் எப்படி வரும் என்று கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கேட்டார். இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் கறள் பிடிக்கும். அதில் உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு. எங்களிடம் மூன்றுக்கும் குறைவில்லை. முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் மீன் பெட்டியை ஏற்றும்போது ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின்பெட்டியிலிருந்து கெபினின் பின்சுவரில் வடியும். மாரியில் வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் மேவிப் பாயும்போது கடந்தால் களப்புத் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள படித்தகட்டுக்குள் ஏறும். ஆனையிறவுப் பக்கம் காற்றிலேயே உப்பு இருக்கிறது.

கடலே காணாத வண்டியும் தப்புவதில்லை. கமக்காரர் வண்டிகளில் இருக்கைக்குப் பின்னால் உரப்பை வைக்கும் பழக்கம் உண்டு. எம்.ஓ.பி. என்று வாங்குவது பொட்டாசியம் குளோரைட். அதுவும் ஓர் உப்புத்தான். கிழிந்த பையிலிருந்து கொட்டிய ஒரு பிடி, கால்மிதிக்குக் கீழே ஈரத்தோடு கிடந்தால் போதும்.

செம்புழுதியும் சேர்த்தி. கிரவல் றோட்டில் ஓடும் வண்டியின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புழுதி போய் அடையும். மழை பெய்தால் அது சேறாகும். வெளியே காய்ந்துவிடும், மடிப்புக்குள் தை மாதம் வரை ஈரம் நிற்கும். கறள் பெரும்பாலும் உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. பெயின்டில் ஒரு சின்னக் கொப்புளத்தை நீங்கள் காணும்போது பின்பக்கத்தில் அதைப்போல் நாலு மடங்கு இடம் ஏற்கெனவே போயிருக்கும்.

தட்டிப் பார்த்தல்

வண்டியை நன்றாகக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். இருக்கைகள், கால்மிதி, தரையில் ஒட்டியுள்ள தார்ப்பாய் (தார் பூசிய தடித்த விரிப்பு) எல்லாவற்றையும் கழற்றுங்கள். தார்ப்பாயைக் கழற்ற மனம் வராது, சுரண்டி எடுக்க ஒரு முழுநாள் போகும். ஆனால் அதற்குக் கீழேதான் கதை இருக்கும்.

ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் போதும். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் ‘டங்’ என்று ஒலிக்கும். கறள் தின்ற இடம் ‘டொக்’ என்று செத்த சத்தம் தரும். முன்னர் யாரோ பில்லர் (பள்ளம் நிரப்பும் பசை) அப்பியிருந்தாலும் அப்படித்தான் ஒலிக்கும். ஒரு காந்தத்தை மெல்லிய துணிக்குள் வைத்துத் தடவிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, பில்லர்தான் இருக்கிறது. சந்தேகமான இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். இரக்கப்பட வேண்டாம். குத்தி ஓட்டை விழுந்தால் அது நீங்கள் போட்ட ஓட்டை இல்லை.

கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்: முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டும், வைப்பருக்குக் கீழே காற்றுப் போகும் தட்டின் உட்புறம், கால் வைக்கும் தரையின் முன்மூலை, கதவுக்குக் கீழே ஓடும் படித்தகடு, கதவின் அடி மடிப்பு, கதவுக்குப் பின்னால் கெபினின் கீழ் மூலை. டபிள் கெப் என்றால் பின்கதவின் படியையும் விடாதீர்கள். பிறகு வண்டிக்குக் கீழே படுத்து, கெபின் சேஸியில் உட்காரும் றப்பர்களைச் சுற்றிப் பாருங்கள்.

கண்ட இடத்தையெல்லாம் வெண்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுத்து வையுங்கள். வெட்டத் தொடங்கிய பிறகு முன்னர் எப்படி இருந்தது என்று ஞாபகம் வராது.

தண்ணீரைப் பின்தொடர்தல்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே ரோர்ச் லைற்றோடு இருக்க, மற்றவர் வெளியே ஓஸ் பிடிக்க வேண்டும். பைப்பை வேகமாகத் திறக்க வேண்டாம், மழை பெய்வதுபோல் விடுங்கள். கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே போங்கள். மேலே தொடங்கினால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்து எது எந்த வழியால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்.

உள்ளே இருப்பவருக்கு ஒரு உபாயம். தரையிலும் உட்சுவரிலும் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவிவிடுங்கள். தண்ணீர் வந்த வழி கோடாகத் தெரியும். என் வண்டியில் அந்தக் கோடு டாஷ்போர்டுக்குப் பின்னால், வயர்க்கட்டு நீளத்துக்கு ஓடி, கிளச்சுக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து தொடங்கும் இடத்தைத் தேடினால் இரண்டு கிடைத்தன. ஒன்று பாஸ் காட்டிய கண்ணாடி றப்பர். மற்றது வைப்பருக்குக் கீழே உள்ள தட்டு. அந்தத் தட்டிலிருந்து தண்ணீர் வெளியே போக இரு பக்கமும் துவாரம் உண்டு. என் வண்டி பல வருடம் வேம்பின் கீழ் நின்றது. துவாரத்துக்குள் கையை விட்டால் மக்கிப்போன வேப்பிலை, ஒரு குழம்பு மாதிரி, இரண்டு கைப்பிடி வந்தது. இடது பக்கம் ஒரு மரவட்டை உயிரோடு இருந்தது.

துவாரத்தைத் திறந்தேன், பாதி ஒழுக்கு நின்றுவிட்டது. செலவு ஒரு சதமும் இல்லை. இதைச் செய்யாமல் நான் முதல் தடவை தகடு ஒட்டியிருந்தேன்.

கண்ணாடி றப்பர் காய்ந்து வெடித்திருந்தால் சிலிக்கன் பூசி மூடப் பார்க்காதீர்கள். சிலிக்கனுக்கும் தகரத்துக்கும் இடையில் ஈரம் மாட்டிக்கொள்ளும். பழைய மொடல்களில் கண்ணாடி றப்பரில்தான் நிற்கிறது, கழற்றலாம். உள்ளிருந்து றப்பரின் உதட்டைச் சவர்க்காரத் தண்ணீர் போட்டுச் சட்டத்துக்கு வெளியே புரட்டிக்கொண்டு வர, ஒருவர் வெளியே கண்ணாடியைத் தாங்க வேண்டும். திரும்பப் போடும்போது றப்பரின் பள்ளத்துக்குள் ஒரு நைலோன் கயிற்றைச் சுற்றி வைத்து, கண்ணாடியை வெளியே பொருத்தி, உள்ளிருந்து கயிற்றை இழுக்க உதடு தானாகச் சட்டத்தின்மேல் ஏறும். முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி உடைந்தால் வண்டி றோட்டுக்கு வராது.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

பிக்கப்பின் கெபின் சேஸியின்மேல் வைத்த தனிப் பெட்டி. பாரத்தைச் சுமப்பது சேஸி. அதனால்தான் தரை, படித்தகடு, மூலை ஆகியவற்றைப் புதியவர் ஒருவர் துணிந்து செய்யலாம் என்கிறேன். ஆனால் கதவுப் பிணைச்சல் நிற்கும் தூண், இருக்கைப்பட்டி பூட்டிய இடம், கெபினைத் தாங்கும் றப்பரின் இருக்கை, சேஸி ஆகிய நான்கும் உங்கள் பழக்கத்துக்கான இடங்கள் அல்ல. அங்கே கறள் என்றால் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். சேஸி இலக்கம் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. அந்த இலக்கம் அழிந்தால் பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நீங்கள் படப்போகும் பாடு கறளைவிட மோசம்.

சாமான்

கிரைண்டர் ஒன்று, 1 மில்லிமீற்றர் வெட்டும் தட்டுகள், 40உம் 80உம் தரத்தில் அராவும் பிளாப் தட்டுகள், கம்பித் தூரிகை, தகரம் வெட்டும் கத்தரி, கவ்விகள் முடிந்த அளவு. கவ்வி போதாது என்று சொன்ன டிங்கர் பாஸை நான் கண்டிருக்கிறேன், அதிகம் என்று சொன்னவரைக் கண்டதில்லை. தட்டி நிமிர்த்தச் சுத்தியலும், பின்னால் பிடிக்க ஒரு டொலியும் (கைக்கடங்கும் கனத்த இரும்புக் கட்டி) வேண்டும்.

டொலிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த இரும்புத் துண்டு எதையும் பிடிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்காதீர்கள். காணி துப்புரவாக்கும்போது வந்த, என்னவென்று தெரியாத கனமான இரும்பை எடுத்துவந்து கொட்டிலில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது போரில் வெடிக்காமல் மிஞ்சிய குண்டாக இருக்கலாம். அதைத் தொடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம், சூடாக்கவும் வேண்டாம். பார்த்த இடத்திலேயே விட்டுவிட்டு அறிவியுங்கள். டொலிக்கு ஒரு பழைய றெயில் துண்டை வாங்குங்கள், கடைசல் போடும் இடத்தில் வட்டமாக்கித் தருவார்கள்.

தகரம் 20 கேஜ், ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றர். பழைய கெபினின் வெளித்தோல் 0.8 அளவில் இருக்கும். அதைவிடத் தடிப்பாகப் போட்டால் பலம் என்று நினைப்பார்கள். ஆனால் தடித்த தகடு உருகுவதற்குள் பக்கத்திலுள்ள மெல்லிய தகரம் எரிந்து ஓட்டையாகிவிடும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இரும்புக் கடையில் எட்டடிக்கு நாலடித் தாளாக விற்பார்கள், பாதி வெட்டித் தரும்படி கேட்டுப் பாருங்கள். கூரைத் தகரம் சரிவராது, மிக மெல்லியது, துத்தநாகம் வேறு பூசியது. துத்தநாகம் 907 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பால் குடித்தால் சரி என்று கராஜ்களில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குத்தான் போகும், புகை போனது நுரையீரலுக்கு.

ஒயில் பரலைப் பிளந்து தகரம் எடுப்பவர்களும் உண்டு. கழுவிக் காய்ந்ததுபோல் தெரியும் பரலுக்குள் ஆவி நிற்கும். கிரைண்டர் பொறி ஒன்று போதும் அது வெடிக்க. பழைய வாகனமொன்றின் பொனற் கிடைத்தால் அதைவிட நல்ல தகரம் வேறில்லை.

ஒட்டுவதற்கு, கம்பி தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங்தான் நல்லது. 0.6 மில்லிமீற்றர் கம்பி போடுங்கள். கரண்ட் வெல்டிங்கில் 2.5 குச்சியை வைத்து 0.8 தகரத்தை ஒட்டுவது, கோடரியால் கோழிமுட்டை உரிப்பது மாதிரி. காஸ் வெல்டிங் தெரிந்த பாஸ்மார் அதில் அழகாகச் செய்வார்கள், ஆனால் சூடு பரவித் தகரம் நெளியும். அந்த நெளிவைச் சுத்தியலால் திரும்ப எடுக்க ஒரு ஆயுட்காலப் பழக்கம் வேண்டும்.

வாடகைக்கு மிக் மெசின் எடுத்தால் ஒன்றைக் கேளுங்கள்: காஸோடு ஓடுவதா, காஸ் இல்லாமல் ஓடும் கம்பியா? காஸ் போடும் வெறுங்கம்பிக்கு, கம்பி வரும் வெல்டிங் துப்பாக்கி நேர்முனையில் இருக்க வேண்டும். உள்ளே மருந்து வைத்த, காஸ் தேவைப்படாத கம்பிக்குத் துப்பாக்கி எதிர்முனையில். மாற்றிக் கொடுத்திருந்தால் கம்பி துப்பித் துப்பி ஒட்டும், நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, சோளகம் வீசும் மாதங்களில் திறந்த கொட்டிலில் காஸ் மிக் சரிவராது. காற்று காஸை அடித்துக்கொண்டு போய்விடும், ஒட்டு பஞ்சுபோல் துளைதுளையாக வரும். சுற்றிப் படங்கு கட்டுங்கள்.

எப்போது செய்வது? காலபோக அறுவடை முடிந்து வண்டிக்கு ஓய்வு வரும் சித்திரை, வைகாசி. மாரிக்கு முன் அவசரமாகத் தொடங்கினால், பெயின்டுக்கு அடியில் பூசும் பிரைமர் காயுமுன் மழை வரும்.

தீ

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பற்றரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். டீசல் டாங்கியும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். பிரேக் குழாயையும் பாருங்கள். ஒட்டும் இடத்தின் மறுபக்கத்தில் வயர், தார்ப்பாய், துணி, ஸ்பொஞ்ச் எதுவும் இருக்கக்கூடாது. கண்ணாடிகளை ஈரச் சாக்கால் மூடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் சின்னச் சின்னக் குழியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு போகாது. ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் உடனே வீட்டுக்குப் போகாமல் அரை மணித்தியாலம் அங்கேயே இருந்து தேநீர் குடியுங்கள். தீ பிடிப்பது பெரும்பாலும் ஆட்கள் போன பிறகுதான்.

சாரமும் செருப்பும் வேண்டாம். பருத்தி நீள்காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் போடுங்கள். வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டால் பகலில் ஒன்றும் தெரியாது. இரவு இரண்டு மணிக்குக் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எழும்புவீர்கள்.

வெட்டுதல்

கறள் இருக்கும் இடத்தைவிட வெளியே, நல்ல மினுங்கும் தகரம் வரும்வரை வெட்ட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் கஞ்சத்தனம் செய்வார்கள். நானும் செய்தேன். ஓட்டை சிரட்டை அளவு என்றால் வெட்டு ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு வரும். கறள் தகரத்தில் வெல்டிங் பிடிக்காது. பிடித்ததுபோல் காட்டிவிட்டு ஓரத்தில் விண்டுவிடும்.

முதலில் பெயின்டைச் சுரண்டுங்கள், பிறகு கோடு போடுங்கள். நேர்கோட்டில் வெட்டுங்கள், மூலைகளை மட்டும் வட்டமாக விடுங்கள். கூர்மூலையில் வெடிப்புத் தொடங்கும். இரண்டு தகரம் சேரும் மடிப்பை வெட்ட நேர்ந்தால் முழுவதையும் ஒரேயடியாக அறுக்காமல், மேல் தகரத்தை மட்டும் வெட்டி உள்ளே பாருங்கள். உள்ளே தாங்கு தகடு ஏதும் இருக்கும். அதிலும் கறள் இருந்தால் அதை முதலில் செய்ய வேண்டும். படித்தகட்டில் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். கதவு இருக்கும் இடத்தின் அளவு மாறிவிட்டால் கதவு பூட்டாது. வெட்டுமுன் கதவின் இடைவெளியைக் குறுக்காக அளந்து சுவரில் எழுதிவையுங்கள். ஒட்டியபிறகு திரும்ப அளந்து பாருங்கள்.

மட்டை அச்சு

தகரத்தை நேராக எடுத்து அளந்து வெட்டாதீர்கள். பிஸ்கற் பெட்டி மட்டையை எடுங்கள். வெட்டிய ஓட்டையின் மேல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து பென்சிலால் ஓரத்தைத் தடவினால் கோடு பதியும். மட்டையை வெட்டி, மடித்து, வைத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் இன்னொரு மட்டை. பாஸ் ஒரு சின்ன மூலைக்கு நான்கு மட்டை வெட்டினார், எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் ஐந்தாவதைத் தகரத்தில் வைத்து வெட்டினார், முதல் தடவையே உட்கார்ந்தது. நான் நேராகத் தகரத்தில் வெட்டியதை ஆறு தடவை அராவினேன்.

தரையின் மடிப்புக்கோடுகளை, அந்த எழும்பிய வரிகளை, விட்டுவிடாதீர்கள். அவை அழகுக்கு இல்லை. தட்டையான தகரம் ஓடும்போது தபேலாபோல் அதிரும். ஒரு மரக்கட்டையில் பள்ளம் குடைந்து, தகரத்தை வைத்து, இரும்புக் குழாய் நுனியால் தட்டினால் வரி எழும்பும்.

ஒட்டுதல்

வெளியே தெரியும் இடத்தில் இரண்டு ஓரமும் நேருக்கு நேர் சந்திக்கட்டும், இடையில் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத இடைவெளி. தரையில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டலாம், அது சுலபம். ஆனால் ஏறிய இடத்துக்குள் தண்ணீர் போனால் புதிய கறள் அங்கேதான் பிறக்கும். பின்னர் இரண்டு பக்கமும், தண்ணீர் புகாமல் இடுக்கை மூடும் சீலர் போட்டே ஆக வேண்டும். ஏறும் பகுதியில் ஒட்டுமுன் துத்தநாகப் பிரைமர் பூசுங்கள்.

ஒட்டும்போது கோடு இழுக்காதீர்கள், புள்ளி வையுங்கள். ஒரு புள்ளி, அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு புள்ளி, பிறகு மூலையில் ஒன்று. சாமி கும்பிடும்போது நாலு திசைக்கும் பூப்போடுவது மாதிரிச் சுற்றிவாருங்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி வந்ததும் நிறுத்துங்கள். கையால் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? வெளியே போய் நாய்க்குச் சாப்பாடு வையுங்கள். ஆறிய பிறகு இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒன்று, திரும்பவும் எதிர்ப்பக்கம். இப்படியே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு ஒட்டுக்கு எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போனது.

அவசரப்பட்டுத் தொடர்ச்சியாக இழுத்தால் தகரம் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, நடுவில் வயிறுபோல் தள்ளும். கையால் அமுக்கினால் ‘டப்’ என்று உள்ளே போகும், விட்டால் ‘டப்’ என்று வெளியே வரும். ஈரத்துணி போட்டு ஆறவைக்கும் பழக்கத்தையும் நான் சொல்லமாட்டேன், ஈரம் இடுக்குக்குள் போகும். பொறுமைதான் செலவில்லாத மருந்து.

ஒட்டும்போது தகரம் எரிந்து ஓட்டையாகிவிட்டால் பதற வேண்டாம். பின்னால் ஒரு செப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிரப்புங்கள். செம்பில் கம்பி ஒட்டாது. தண்ணீர்க் குழாய்ச் செம்பைத் தட்டித் தட்டையாக்கினால் போதும்.

எல்லாம் ஆறியபின் பிளாப் தட்டால் மெல்ல அராவுங்கள். ஓரிடத்திலேயே அழுத்திப் பிடித்தால் நீலநிறம் வரும், அது திரும்பச் சூடேறிய அடையாளம். இருட்டியதும் உள்ளே லைற் போட்டு வெளியே நின்று பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே இன்னொரு புள்ளி.

கறள் போக்கி முதல் பெயின்ட் வரை

சுரண்ட முடியாத குழிகளில் மிச்சக் கறள் நிற்கும். அதற்குப் பொஸ்போரிக் அமிலம் உள்ள கறள் போக்கி பூசினால் கறள் கறுத்த பொஸ்பேற்றாக மாறும். மெல்லியதாகப் பூசுங்கள், ஊற்றாதீர்கள். போத்தலில் சொன்ன நேரம் கழித்துத் துடைத்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். அமிலம் மிச்சம் இருந்தால் மேலே பூசும் எபொக்சி பிரைமர் பிடிக்காது. தளர்ந்து உதிரும் கறளின் மேல் பூசி மூடலாம் என்று விளம்பரம் பார்த்து நம்பாதீர்கள். அது கம்பித் தூரிகை செய்ய வேண்டிய வேலை.

பிறகு இரண்டு கலவை எபொக்சி பிரைமர், உள்ளேயும் வெளியேயும். அது காய்ந்ததும் ஒவ்வொரு சேர்க்கையிலும் பொலியுரெதேன் சீலரை விரலால் இழுத்து விடுங்கள்.

கராஜில் கட்டலோய் என்று சொல்லும் பில்லர் கடைசியில்தான். மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சும், அதனால் ஓட்டையை மூடும் பொருள் அல்ல, பள்ளத்தைச் சமப்படுத்தும் பொருள். கடினமாக்கும் பசை நூற்றுக்கு இரண்டு பங்கு. எங்கள் சித்திரை வெயிலில் நாலு நிமிடத்தில் இறுகிவிடும். அதனால் ஒரு கைப்பிடிக்கு மேல் கலக்காதீர்கள். நிழலில் வையுங்கள். 80 பேப்பர், 180, பிறகு வோட்டர் பேப்பர் 400. பெயின்டைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். பழைய நிறத்தையே அடியுங்கள், மாற்றினால் பதிவுப் பத்திரத்திலும் மாற்ற வேண்டும்.

உள்ளே

வெளியே மினுங்கினால் வேலை முடிந்தது என்று வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். படித்தகட்டின் உள்ளும் கதவின் உள்ளும் வெல்டிங் சூட்டில் பெயின்ட் எரிந்த வெறுந்தகரம் இருக்கும். அங்கே மெழுகு விட வேண்டும். இடுக்குக்குள் அடிக்கும் மெழுகு நீண்ட குழாயோடு வரும். கிடைக்காவிட்டால் புதிய கியர் ஒயிலைப் பம்பியால் அடிக்கலாம், அது ஊர்ந்து மடிப்புக்குள் போகும். பழைய என்ஜின் ஒயிலை அடிக்கும் வழக்கம் உண்டு. எனக்குப் பிடிக்காது. றப்பரை ஊதவைக்கும், கையில் பட்டால் உடம்புக்கும் நல்லதில்லை. எதுவானாலும் வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான். முன்னரே அடித்துவிட்டு ஒட்டப்போனால் படித்தகடு விளக்குத்திரியாகும்.

கடைசியாக, கதவின் அடியிலும் படித்தகட்டின் அடியிலும் உள்ள வடிதுவாரங்களைச் சீலரோ பெயின்டோ மூடிவிடவில்லையா என்று பாருங்கள். என் முதல் வேலையில் நான் அழகாக மூடியிருந்தேன், ஒழுக்கை அடைக்கிறேன் என்று நினைத்து. தண்ணீர் உள்ளே வராமல் முற்றாகத் தடுக்க முடியாது. வந்தது போக வழி விட வேண்டும்.

பிறகு பவுடரைத் தூவி, அதே ஓஸைப் பிடித்து, அதே ஆளை உள்ளே இருத்தி இன்னொரு தடவை பாருங்கள். இப்போது என் வண்டியின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் லைசென்ஸ், இன்சூரன்ஸ் கடதாசிகளோடு ஒரு முழ நீளக் கட்டுக்கம்பியும் கிடக்கிறது. ஐப்பசி முதல் மழைக்கு முன், வைப்பருக்குக் கீழே உள்ள இரண்டு துவாரத்திலும் அதை விட்டுக் குடைவேன். போன வருடம் வேப்பிலைதான். மரவட்டை இல்லை.